அந்த பிரவுன் அட்டை யாருக்காக?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. முழங்காலில் எலும்புப் புற்றுநோய். நுரையீரலுக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். அவளிடம் 'எலும்பில் சீழ்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். எட்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. போன வாரம் அவள் தலையணைக்கு அடியில், பிரவுன் அட்டை போட்டு 'இயற்பியல்' என்று லேபிள் ஒட்டிய புத்தகம் ஒன்று இருந்தது. பிரித்தால், புற்றுநோய் வந்த பெண்ணைப் பற்றிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவல். பயந்துபோய் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளும் கேட்கவில்லை. நான் செய்தது சரிதானே?

பதில்: சரியில்லை.

நாவல் இருக்கட்டும், முதலில் அந்த அட்டைக்கு வருகிறேன். எழுந்து உட்காரவே சிரமப்படும் பிள்ளை, பிரவுன் தாளை அளந்து வெட்டி, மூலை மடித்து, லேபிள் ஒட்டி, எட்டு மாதமாகத் தொடாத பாடத்தின் பெயரை எழுதியிருக்கிறாள். யார் கண்ணில் படக்கூடாது என்று? உங்கள் கண்ணில்தான். அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்திருக்கிறாள். தன் வலி போதாதென்று உங்களையும் சேர்த்துச் சுமக்கிறாள். நீங்களோ அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, புத்தகம் கெட்டதா நல்லதா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சீழ் வைத்தால் தலைமுடி கொட்டுமா? ஆஸ்பத்திரியில் அந்த வார்டு வாசலில் எழுதியிருப்பதை அவளுக்குப் படிக்கத் தெரியாதா? அவளுக்குத் தெரியும். காணாமல் போன புத்தகத்தை அவள் கேட்கவில்லையே, அது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

அந்த நாவலை ஜான் கிரீன் எழுதி 2012இல் வந்தது. அதில் வரும் ஹேசலுக்கும் 16 வயது, அவளுக்கும் நோய் நுரையீரல்வரை போய்விட்டது. அவளுக்குப் பிடித்த ஒரு கதை பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அதை எழுதியவரைத் தேடி ஆம்ஸ்டர்டாம்வரை போகிறாள். அவள் கேட்க நினைக்கும் கேள்விகளில் ஒன்று, கதையில் வரும் பெண்ணின் அம்மா அப்புறம் என்ன ஆனாள் என்பது. ஹேசலுக்கு 14 வயதாக இருந்தபோது, ஐ.சி.யு.வில், இனி நான் அம்மாவாக இருக்கமாட்டேனே என்று தன் தாய் அழுதது அவள் காதில் விழுந்திருக்கிறது. அது அவளை விடவே இல்லை. பின்னால், அந்த அம்மா சமூகப் பணிப் படிப்பு படித்துக்கொண்டிருப்பது தெரிய வருகிறது. மகள் மனம் நோகுமே என்று மறைத்திருக்கிறாள். மகளுக்கோ அப்படி ஒரு சந்தோஷம். தான் போனாலும் அம்மா இருப்பாள் என்று.

உங்கள் மகள் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தது இதைத்தான்.

வீட்டில் சாவுப் பேச்சை எடுக்கக்கூடாது என்றுதான் நானும் வளர்ந்தேன். ஆனாலும் சொல்கிறேன், பிள்ளையைத் தனியாகப் பயப்பட விடுவது பெற்றவள் செய்கிற காரியமில்லை. ஸ்வீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் கேட்டு, 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. பிள்ளையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள்.

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்லவில்லை. அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், பொய் வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள். எப்படித் தொடங்குவது என்று வலி தணிப்பு சிகிச்சை தரும் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள், கூட இருந்து பேச உதவுவார்கள். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கவேண்டும். அவர் மாடிக்குப் போய் நின்றுகொள்ளக்கூடாது.

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் பீரோவைத் திறங்கள். அட்டையைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்தில் விட்டாய் என்று கேளுங்கள்.