ஒரு பாணியின் காட்டா இன்னொரு பாணிக்குப் போனால் ஏன் திரிகிறது?

திருகோணமலையில் இரு வேறு கராத்தே வகுப்புகளில் பழகும் உங்கள் பிள்ளைகள் ஒரே காட்டாவை (வரிசை மாறாமல் தனியே செய்து பழகும் அசைவுத் தொகுப்பை) வெவ்வேறாகச் செய்வது ஏன், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டாவை இரவல் வாங்குபவர் அசைவுகளைத்தான் வாங்குகிறார். அவற்றைச் செய்யும் உடலோ தன் பழைய பாணியிலேயே நிற்கிறது. சிலம்பம் பழகிவிட்டு என்னிடம் வந்த மாணவர் ஒருவர், உப்புவெளி மணலில் நேராக வைக்க வேண்டிய அடியை ஒவ்வொரு முறையும் வளைத்தே வைத்தார். கம்பு சுழற்றிப் பழகிய இடுப்பு, வெறுங்கையோடு நின்றபோதும் சுழன்றது.

பெரிய பாணிகளிலும் இதுவே நடந்தது. ஒகினாவாத் தீவில் கராத்தே ஆசிரியர் இத்தோசு அங்கோ வகுத்த பினான் என்ற காட்டாக்கள், ஷோட்டோகான் பாணியைத் தோற்றுவித்த ஃபுனாகோஷி வழியாக ஜப்பானின் பெருநிலத்துக்குச் சென்று ஹெய்யான் ஆயின. அவற்றின் வரிசையில் முதல் காட்டாவும் இரண்டாவதும் இடம் மாறியதால் கெடுதியில்லை. ஆனால், முன்னோக்கிய உதை ஷோட்டோகானில் பக்கவாட்டு உதையாயிற்று. முன்காலின் நுனி மட்டும் தரையைத் தொடும் குறுகிய பூனை நிலை, முன்காலும் ஓரளவு எடை தாங்கும் நீண்ட பின்நிலையாக விரிந்தது. பூனை நிலையில் முன்காலில் எடை ஏறக்குறைய இல்லாததால் அக்கால் உடனே உதைக்கும். நீண்ட நிலையில் முதலில் எடையை மாற்ற வேண்டியிருக்கிறது. அசைவு தங்கியது, அதன் காரணம் தொலைந்தது. என்னை உண்மையில் வருத்துவது இதுதான்.

ஆகவே, உருவத்தை ஒப்பிட்டு மட்டும் எது சரி என்று தீர்க்க இயலாது. அந்த அசைவு எதற்கு என்பதை, எதிரே ஒருவரை நிறுத்திச் செய்துகாட்டுமாறு இரு ஆசிரியர்களிடமும் கேளுங்கள்.