உங்களுக்கு மிகவும் பிடித்த ஜாம், ஜெல்லி சுவை எது? ஏன்?

களாக்காய் ஜெல்லி. அடுத்தது கொய்யா ஜெல்லி. மூன்றாவதாக ஒன்று சொல்லச் சொன்னால் வீட்டில் கிண்டிய தக்காளி ஜாம். எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் ஸ்ட்ராபெரி, பைனாப்பிள், மிக்ஸட் ஃப்ரூட் மூன்றும் பிடிக்காது என்றில்லை, இருந்தால் சாப்பிடுவேன், ஆனால் பாட்டில் காலியானால் மனசு கேட்காமல் தேடுகிற அளவுக்கு அவை எனக்கு ஒட்டவில்லை.

எனக்கு ஜாம் என்றால் அதில் புளிப்பு இருக்க வேண்டும். வெறும் இனிப்புக்கு எங்கள் கொங்குப் பக்கம் என்ன குறை? கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இருக்கிறது, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை (இடியாப்பம் மாதிரி) இருக்கிறது, கச்சாயம் இருக்கிறது, ஒப்புட்டு இருக்கிறது. ஜாமில் நான் தேடுவது வேறு. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று புளிப்பு ஏற வேண்டும், அதன் பின்னாலேயே இனிப்பு வர வேண்டும், கடைசியில் லேசான ஒரு துவர்ப்பு நிற்க வேண்டும். இந்த மூன்றும் வரிசை மாறாமல் வருவது களாக்காயில்தான்.

அம்மாவின் ஊர், உடுமலைப்பேட்டையிலிருந்து திருமூர்த்தி மலைக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தின் மேற்கு வேலி முழுக்க களாச்செடி. யாரும் நட்டதில்லை, குருவி போட்ட விதை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும், அந்தச் சமயத்தில்தான் அது காய்த்துக் கிடக்கும். செடியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இலைக்கு இலை முள், அதுவும் இரட்டை இரட்டையாக. காய் கோலிக்குண்டு அளவு வரும். முதலில் பச்சை, அப்புறம் ஒரு பக்கம் மட்டும் ரோஸ், அப்புறம் முழுச் சிவப்பு, கடைசியில் கருநாவல் நிறம். காம்பைத் திருகினால் பால் வடியும், விரலில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

லீவுக்குப் போகும்போதெல்லாம் காய் பொறுக்குவது என் வேலை. அம்மாயி (அம்மாவின் அம்மா) என் கையில் ஒரு போசியை, அதாவது பாத்திரத்தைக் கொடுத்து, "கருத்ததைத் தின்னுக்கோ கண்ணு, செவந்ததை மட்டும் போசில போடு" என்று அனுப்பும். எனக்கு அது ரொம்ப வசதி, கருத்த பழம்தானே இனிப்பு. அம்மாயிக்கு ஊறுகாய்க்குத்தான் காய் வேண்டும், அதனால் பழுத்தது ஆகாது என்று நினைத்திருந்தேன். அது மட்டும் காரணமில்லை என்று சின்னம்மா ஜெல்லி போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

சின்னம்மா 1990களில் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பழம், காய்கறி பதப்படுத்துகிற பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் அந்த வேலியில்தான் கை வைத்தார். ஜாம், ஜெல்லி இறுகுவதற்கு மூன்று வேண்டும், பழத்தில் இருக்கிற பெக்டின் என்கிற பசைப்பொருள், புளிப்பு, சர்க்கரை, மூணு கல் அடுப்பு மாதிரி ஒரு கல் நகர்ந்தாலும் பாத்திரம் சாய்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். காய் பழுக்கப் பழுக்கப் பெக்டின் சிதைந்து குறைந்துகொண்டே போகும், புளிப்பும் இறங்கும். செங்காயாக இருக்கும்போதுதான் இரண்டும் நிறைய இருக்கும். அம்மாயி கருத்ததை வேண்டாம் என்று சொன்னதன் கணக்கு இதுதான், பெயர் தெரியாமலே அதற்குத் தெரிந்திருக்கிறது.

அவர் செய்வதை அப்படியே எழுதுகிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். ஒரு கிலோ களாக்காய், முக்கால்வாசி செங்காய், கால்வாசி பழம். உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பாலை எடுத்துவிட்டு, நன்றாக அலசி, காய் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். அலுமினியப் போசி வேண்டவே வேண்டாம், புளிப்பு அதில் பிடிக்கும். தோல் வெடித்து, மத்தால் லேசாக அழுத்தினால் மசிகிற பதத்தில் இறக்கி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, ஆணியில் தொங்கவிட்டு, கீழே ஒரு குண்டாவை வைத்துவிட வேண்டும். இங்கேதான் பொறுமை. சொட்டு சொட்டாக வரும், எனக்குக் கை பரபரக்கும், மூட்டையைப் பிழியப் போவேன், சின்னம்மா சமையலறைக்குள்ளிருந்தே "பிழிஞ்சுபோடாத, தானா வரட்டும்" என்பார். பிழிந்தால் சதையும் சேர்ந்து இறங்கிச் சாறு கலங்கிவிடும். ஜாமுக்குச் சதை வேண்டும். ஜெல்லி என்றால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். ராத்திரி கட்டிவிட்டுக் காலையில் பார்த்தால் குண்டாவில் மாதுளைச் சாறு மாதிரி நிற்கும்.

அப்புறம் ஒரு லிட்டர் சாற்றுக்கு ஒரு கிலோ சர்க்கரை. இது களாக்காய்க்கு மட்டும்தான், அதில் பெக்டினும் புளிப்பும் அவ்வளவு இருப்பதால் தாங்கும், மற்ற பழத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பை நன்றாக எரியவிட்டு, பொங்கிவரும் நுரையை எடுத்துக்கொண்டே, சீக்கிரம் காய்ச்சி முடிக்க வேண்டும். சிம்மில் வைத்து மணிக்கணக்கில் விட்டால் சூட்டில் பெக்டின் உடைந்து பாகாக நின்றுவிடும். பதம் பார்க்க, கரண்டியில் எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டுச் சாய்க்க வேண்டும். முதலில் தண்ணீராக ஓடும், அப்புறம் சொட்டும், பதம் வந்ததும் இரண்டு சொட்டு கரண்டி ஓரத்திலேயே ஒன்று சேர்ந்து, ஒரு சின்னத் துணி தொங்குகிற மாதிரி அகலமாக இறங்கும். அந்த நிமிடமே அடுப்பை அணைத்துவிட்டு, சூடாகவே பாட்டிலில் ஊற்றி, இறுகும் வரை ஆட்டாமல் அசைக்காமல் விட வேண்டும். மறுநாள் மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் வெட்டின இடம் கண்ணாடி மாதிரி நிற்கும். சூடான சந்தகைமேல் ஒரு கரண்டி போட்டால் ஓரம் மட்டும் இளகி, நூல் நூலாகச் சிவப்பு இறங்கும். பிரட்டைவிடச் சந்தகைக்குத்தான் இது பொருத்தம் என்பது என் கட்சி.

களாக்காயைச் சாப்பிட்டதே இல்லை என்கிறவர்கள்கூட ஒருவேளை சாப்பிட்டிருப்பீர்கள். பேக்கரி கேக்கின் தலையில் வைக்கிற அந்தச் சிவப்புச் செர்ரி பல இடங்களில் களாக்காய்தான். கொட்டையை எடுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. பக்கத்தில் தூவியிருக்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். எங்கள் ஊர்களில் தெருவுக்கு ஒரு பேக்கரி, டீயும் பன் பட்டர் ஜாமும் இல்லாமல் கோயமுத்தூர், திருப்பூரில் யாருக்கும் சாயங்காலம் கழியாது, ஆனால் அந்தக் காயின் சொந்தச் சுவை அங்கே யாருக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதில் இருந்த புளிப்பு, துவர்ப்பு, நிறம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் உருண்டையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

கொய்யா ஜெல்லிக்கு வருகிறேன். இதற்குப் பழநி பக்கத்து ஆயக்குடி கொய்யா வேண்டும், பழநிக்குப் போய்விட்டுத் திரும்புகிற யாரும் அந்த ரோட்டில் வண்டியை நிறுத்தாமல் வர மாட்டார்கள். வாங்கும்போது பாதியைப் பழமாகவும் பாதியைச் செங்காயாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், மணத்துக்குப் பழம், இறுகுவதற்குக் காய். கொய்யாவில் பெக்டின் தாராளம், புளிப்பு குறைவு, அதனால் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும், சர்க்கரை லிட்டருக்கு முக்கால் கிலோ போதும். இதில் எனக்குப் பிடித்தது நிறம் மாறுவதுதான். வடிகட்டின சாறு கழனித் தண்ணீர் மாதிரி இருக்கும், இதிலா ஜெல்லி என்று சந்தேகம் வரும். சர்க்கரை கரைந்து கொதி ஏற ஏற முதலில் தேன் நிறம், அப்புறம் செம்பு நிறம், இறக்கும்போது மாணிக்கக் கல் மாதிரி சிவந்து நிற்கும், ஒரு சொட்டு கலர் இல்லாமல். வீடு முழுக்க இரண்டு நாளைக்குக் கொய்யா வாசம் இருக்கும்.

தக்காளி ஜாமை எல்லோரும் கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது விலை விழுந்த காலத்துப் பண்டம். கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளி போட்டவர்களுக்குத் தெரியும், ஒரு வாரம் பெட்டிக்கு நல்ல விலை, அடுத்த வாரம் பறிக்கிற கூலிகூடக் கட்டாது, ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வருடம் அப்புச்சி தோட்டத்திலேயே பறிக்காமல் விட்டதை அம்மாவும் சின்னம்மாவும் சேர்ந்து அண்டாவில் போட்டுக் கிண்டினார்கள். பாதி விலையில்லாத் தக்காளி, பாதி கண்ணீர் என்றுகூடச் சொல்லலாம், அப்புச்சி அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை. நாட்டுத் தக்காளியாக இருந்தால் அதன் புளிப்பே போதும், ஹைபிரிட் என்றால் எலுமிச்சை பிழிய வேண்டும். இரண்டு கிராம்பு, கொஞ்சம் ஏலக்காய், அவ்வளவுதான். முந்திரி, நெய் எல்லாம் போட்டால் அது அல்வா ஆகிவிடுகிறது.

ஸ்ட்ராபெரி, பைனாப்பிள் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இரண்டிலும் இயற்கையாகப் பெக்டின் குறைவு, தனியாக வாங்கிச் சேர்த்தால்தான் நன்றாக இறுகும். கடைகளுக்கு வருகிற பெக்டின் பொதுவாக எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தோ ஆப்பிள் சக்கையிலிருந்தோ எடுப்பது, அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் நம் நாட்டு விதிப்படி ஜாமில் பழம் குறைந்தது 45 சதவீதம் இருந்தால் போதும், ஸ்ட்ராபெரிக்கு 25 சதவீதமே போதும். ஜாம் வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள், மீதி பெரும்பாலும் சர்க்கரை. அதைச் சாப்பிட்டுவிட்டு ஸ்ட்ராபெரி பிடிக்குமா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

நல்ல ஸ்ட்ராபெரி ஜாமும் பிளம்ஸ் ஜாமும் குன்னூரில் மாமன் மகள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், பிளம்ஸ் ரொம்பப் பிரமாதம், நான்காவது இடம் அதற்குத்தான். ஒருமுறை அங்கே நானும் அவளும் வெப்பமானி வைத்துக்கொண்டு, ஜாம் பதம் 105 டிகிரி என்று எங்கேயோ படித்ததை நம்பி, அது வரும் வரை காய்ச்சினோம். ஆறினதும் கமர்கட்டு மாதிரி ஆகிவிட்டது, கரண்டி இறங்கவில்லை. காரணம், 105 என்பது கடல் மட்டக் கணக்கு. குன்னூர் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 டிகிரியில் கொதித்துவிடும், ஜாம் பதம் அதிலிருந்து நாலைந்து டிகிரி மேலே, 98, 99லேயே வந்துவிடும். மலையில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், அல்லது கரண்டியை நம்புங்கள், அது எந்த ஊரிலும் ஒரே மாதிரி இறங்கும்.

பழநிப் பஞ்சாமிர்தத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். விருப்பாட்சி வாழைப்பழமும் கவுந்தப்பாடிச் சர்க்கரையும் சேர்ந்த அந்தச் சுவைக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அடுப்பில் காய்ச்சாமல் பிசைந்தே செய்வது, சாமிக்குப் படைப்பது, அதைப் பிடித்த ஜாம் வரிசையில் வைத்து மார்க் போட எனக்கு மனசு வரவில்லை.

களாக்காய் எங்கே கிடைக்கும் என்றால், ஆனி, ஆடியில் உடுமலை, பழநி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூடையில் வைத்து விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்புச்சி தோட்டத்து வேலி இப்போது இல்லை, அவர் காலத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தை விற்று, வாங்கினவர்கள் சைட் போட்டுவிட்டார்கள், ஜேசிபி ஒரே காலையில் வேலியை வாரிவிட்டது. அதற்கு முந்தின ஆடியில் சின்னம்மா எதற்கோ பழத்தை எடுத்து வைத்திருந்தார். அந்த விதையைக் காயவிடாமல் உடனே போட்டதில் முளைத்த நாலு செடி, திருப்பூரில் என் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி இருக்கிறது. மூன்றாம் வருடம் காய்க்க ஆரம்பித்தது. நீங்களும் வைப்பதாக இருந்தால் புதுப் பழத்து விதையாகப் பாருங்கள், நாள் கடந்தால் முளைக்காது.

இந்த ஆடியில் ஒன்றேகால் கிலோ கிடைத்தது, மூன்று சின்னப் பாட்டில் ஜெல்லி. முதல் பாட்டிலை அம்மாயிக்கு எடுத்துக்கொண்டு போனேன். எண்பத்தெட்டு வயசு, பல் கிடையாது, சந்தகையைப் பிசைந்து அதன்மேல் போட்டு ஊட்டினேன். ஒரு வாய், இரண்டு வாய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "புளிப்பு பத்தலையே கண்ணு, கருத்ததையும் நிறையப் போட்டுட்டயா?" என்று கேட்டது.

போட்டிருந்தேன். செங்காய் மட்டும் அரைக் கிலோகூடத் தேறவில்லை.