பட்டா மாற்றம் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து

கேள்வி: அப்பா 2014-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடும் இரண்டரை ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் அம்மாவின் கருமாதிக்குப் போனபோது, பட்டா மாற்றவேண்டும் என்று தம்பி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கினான். போன மாதம் வில்லங்கச் சான்று எடுத்தால் அது என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்! ஒரு காசு தரவில்லை. அவன் படிப்புக்கும் அப்பாவின் வைத்தியத்துக்கும் பணம் அனுப்பியவள் நான். கேட்டால், “கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டாச்சே” என்கிறான். 2020 தீர்ப்புப்படி எனக்குப் பாதி கிடைக்காதா? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

பூர்வீகமா, அப்பாவே சம்பாதித்த சுயார்ஜிதமா என்ற விவாதம் உங்களுக்குத் தேவையில்லை. அப்பாவும் அம்மாவும் உயிலின்றிப் போய்விட்டார்கள், வாரிசு நீங்கள் இருவர்தான் என்றால் எந்த வழியில் கணக்குப் போட்டாலும் பாதி வரும். நீங்கள் சொல்லும் 2020 தீர்ப்பு, அதாவது வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்த 2005 சட்டத் திருத்தத்தின்போது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையைத்தான் தீர்த்தது. உங்கள் அப்பா இருந்தார். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. நீங்கள் அனுப்பிய பணத்தால் பங்கு கூடவும் செய்யாது. இரண்டையும் மறந்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது அந்தப் பத்திரம் ஒன்றுதான். அதில் உங்கள் புகைப்படமும் கைரேகையும் இருக்கும். பணம் தரவில்லை என்பதாலேயே விடுதலைப் பத்திரம் செல்லாமல் போய்விடாது. முதலில் சான்றிட்ட நகல் வாங்கி, ஏதாவது தொகை பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படி வருகிறவர்கள் விழும் குழி எனக்குப் பழக்கமானது. நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயந்து, பத்திரத்தைப் பற்றி மூச்சே விடாமல் பாகப்பிரிவினை மட்டும் கேட்டு வழக்குப் போடுவார்கள். அதற்கு 12 ஆண்டு இருக்கிறதே என்று யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். எதிர்வாதத்தில் பத்திரம் வெளியே வரும். அதன்பிறகு பத்திர ரத்தைச் சேர்க்க மனுப் போட்டால், காலம் கடந்துவிட்டது என்பான் எதிரி. பத்திரத்தில் கையெழுத்திட்டவரே வழக்காடும்போது அதை ரத்துசெய்யக் கேட்டே ஆகவேண்டும். மதிப்புக்கு ஏற்ற கட்டணமும் உண்டு. ரத்துக்குக் கெடு மூன்று ஆண்டு. மோசடியைக் கண்டறிந்த நாளிலிருந்து என்று சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் ‘கையெழுத்திட்ட அன்றே தெரியும்’ என்றுதான் தம்பி சொல்வார். ஆகவே 2026 செப்டம்பரையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். “என்ன எழுதி வாங்கினாய் என்று அப்பவே தெரியும்” என்று கோபத்தில் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா? இனி அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, கணவரின் அண்ணனுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். மனுப் போட, வாய்தாவுக்கு நிற்க அது உதவும். ஆனால் அன்று அலுவலகத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்ல முடியாது. ஜானகி வாஸ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கூண்டில் நீங்கள்தான் ஏறவேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: “பட்டா மாற்றம் தாலுகா ஆபீஸ் வேலை, சார்பதிவாளரிடம் போய்க் கைரேகை எதற்கம்மா வைத்தீர்கள்?” நீங்கள் படித்தவர். நல்ல பதில் இல்லையென்றால் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும்.

ஜெயித்தாலும் முதல்நிலைத் தீர்ப்பாணை, சொத்தைப் பிரித்துக்காட்டும் ஆணையர், இறுதித் தீர்ப்பாணை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். கடைசியில் கைக்கு வரும் நஞ்சையை, நீங்கள் இப்போது சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். பெரும்பாலும் அதே தம்பிக்கு!

அதனால் பேசித் தீருங்கள். பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும், கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நிலமாகக் கேட்காதீர்கள், பணமாகக் கேளுங்கள். என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) வரவு வைத்தால், வரி கட்டியபின் நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுவரலாம். ஆனால் வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். “தைக்கு அப்புறம் பார்ப்போம், அக்கா” என்று இழுத்தே கெடுவைத் தாண்டவைத்த தம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சமரசம் ஆனால் மாமா முன்னால் வெற்றுத் தாளில் எழுதிக்கொள்ளாமல், அதே வழக்கில் சமரசத் தீர்ப்பாணையாக வாங்குங்கள்.