காண்ட்ராக்ட் வேலையும் 480 நாளும்

கேள்வி: சங்கம், கொடி என்று வந்தாலே முதலாளி ஆலையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஏதோ காண்ட்ராக்ட் வேலையாவது கிடைக்கிறதே என்று இல்லாமல் எதற்கு இந்தப் போராட்டமெல்லாம்?

பதில்: 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோதும் இதே பேச்சுதான். சென்னையின் பின்னி ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவே வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆலை ஓடிவிட்டதா? சங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே 1990-கள் வரை அங்கேயேதான் இருந்தது.

சரி, காண்ட்ராக்ட் வேலைக்கு வருவோம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் போட்டாயிற்று. அதனால்தான் 480 நெருங்கும்போது சில நாள் 'பிரேக்' விடுகிறார்கள். இல்லையென்றால் காண்ட்ராக்டர் மாறிவிடுவார். ஆள் அதே ஆள், மெஷின் அதே மெஷின், அதட்டுகிற சூப்பர்வைசரும் அவரேதான். கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் வேறு கம்பெனியின் பெயர். பல வருஷம் ஒரே கேட்டுக்குள் போய்வந்தவரின் பி.எஃப். கணக்கைப் பாருங்கள், அவர் முகம்கூடப் பார்த்திராத இரண்டு மூன்று முதலாளிகள் அதில் இருப்பார்கள். மெஷினில் விரல் போனால் கம்பெனி காண்ட்ராக்டரைக் கைகாட்டும். காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று அடுத்த கேள்வியை அனுப்பிவிடாதீர்கள். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் காண்ட்ராக்ட் முறையைத் தடைசெய்ய 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. ஆனால் தடை வந்தாலும் அந்தத் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு நடத்தி அலுத்தவர்கள்தான் கேட் வாசலில் உட்காருகிறார்கள்.

சங்கங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு, உங்கள் காரணத்துக்காக அல்ல. நிரந்தரத் தொழிலாளிக்கு, தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு மாலை மரியாதை வாங்கிக்கொள்ளும் சங்கங்களில் சில, அதே லைனில் நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் உறுப்பினர் சந்தாகூட வாங்குவதில்லை. அப்புறம் நிரந்தரத் தொழிலாளிகள் ஸ்டிரைக் என்று வெளியே வந்தால், காண்ட்ராக்ட் ஆட்களை வைத்தே நிர்வாகம் ஷிப்டை ஓட்டிவிடுகிறது. அதற்காகத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.