குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம்: கர்ப்பிணி குடிக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். காலையில் பைப்பைத் திறந்தால் குளோரின் மணம் மூக்கில் அடிக்கிறது. குளோரினால் தண்ணீரில் உருவாகும் சில பொருட்களால் புற்றுநோய் வரும் என்று வாசித்தேன். மகள் 5 மாதக் கர்ப்பிணி. போத்தல் தண்ணீருக்கு மாற வேண்டுமா, டொக்டர்?

பதில்: அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மூக்கில் அடிப்பது குளோரின் மட்டும்தான். நீங்கள் வாசித்த பொருட்கள் குடிநீரில் இருக்கும் அளவில் மணக்காது.

கொழும்புக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்றில் மக்கிய இலை, தழையின் சாரம் கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோஃபோம் போன்ற ட்ரைஹலோமீத்தேன்கள் உருவாகும். வரட்சியில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறினால் புரோமின் கலந்த வகைகளும் கூடும். 1974இல்தான் உலகம் இதை அறிந்தது. குளோரோஃபோமுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராம்; வாழ்நாள் முழுவதும் குடித்தாலும் பாதுகாப்பு என்று கணக்கிட்ட அளவு அது.

இவை அதிகமுள்ள தண்ணீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகைத்தலால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. பிறக்கும் பிள்ளையின் எடை சிறிது குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்ல, வேறு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. குளோரின் இல்லாத தண்ணீரில் கிருமி இருந்தாலோ சில நாட்களில் வயிற்றோட்டமும் சில கிழமைகளில் நெருப்புக்காய்ச்சலும் வரலாம். கர்ப்பிணிக்கு நான் அஞ்சுவது அதற்குத்தான்.

போத்தலுக்கு மாறத் தேவையில்லை. மூடியைத் திறந்து நன்றாகக் கொதிக்க வையுங்கள். குளோரோஃபோம் பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். குளோரினால் உருவாகும் இன்னொரு வகையான ஹலோஅசெட்டிக் அமிலங்கள் அப்படிப் போகா. அவற்றைக் குறைக்க நல்ல கரி ஃபில்டர் உதவும். வெந்நீரில் குளிக்கும்போது ஆவியோடு குளோரோஃபோம் மூச்சிலும் ஏறும், மகள் குளியலறை ஜன்னலைத் திறந்து வைக்கட்டும்.

ஃபில்டர் வைத்தால் கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்ற வேண்டும். அண்மையில் ஒரு தாய் தன் வீட்டுக் கார்ட்ரிட்ஜைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டு வருடமாக மாற்றாதது; தொட்டால் வழுக்கியது, பழைய பூவாஸ் தண்ணீர் நாற்றம். கரி குளோரினை எடுத்துவிடுவதால் கிருமி அதில் நிம்மதியாக வளரும். அதனால் வடித்த நீரையும் கொதிக்க வைத்தே மகளுக்குக் கொடுங்கள். மாடித் தாங்கியை எப்போது கழுவினார்கள் என்று தொடர்மாடிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் அன்றே மகளைக் காட்டுங்கள்.