படம் வாங்குமுன் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் ஓவியம், கேலரி தொடர்பானவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் ஒரு கண்காட்சி பார்த்தேன். ஒரு படம் மிகவும் பிடித்தது. 40,000 ரூபாய் என்றார்கள். மத்திய அரசு நிறுவனத்தில் மாட்டியிருப்பதால் அதன் தரத்துக்கு அகாடமி உத்தரவாதம் என்று நம்பலாமா? (ஆவடி வாசகர்)

அப்படி நம்பக் கூடாது. அகாடமியின் கூடங்களை ஓவியர்களும் குழுக்களும் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்தலாம். அகாடமியே தேர்ந்தெடுத்து நடத்தும் கண்காட்சி வேறு, வாடகைக் கண்காட்சி வேறு. சுவர் ஒன்றுதான் என்பதால் வெளியிலிருந்து வருபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஓவியரின் அறிமுகக் குறிப்பில் ‘லலித் கலா அகாடமியில் காட்சிப்படுத்தப்பட்டது’ என்ற வரி இருந்தால், தேர்வானதா, கூடம் எடுத்து வைத்ததா என்று தயங்காமல் கேளுங்கள். பணம் போவது ஓவியருக்கு அல்லது அந்தக் குழுவுக்கு. ரசீது தர வேண்டியவரும் அவரே.

சோழமண்டலத்திலும் இதே கதைதான். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கிராமம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருப்பவை விற்பனைக்கல்ல. பக்கத்துக் கூடங்களில் நடக்கும் கண்காட்சிகளில் இருப்பவற்றை வாங்கலாம்.

ஆனாலும் அந்த அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள் என்பேன். தேசிய நவீன கலைக் கூடம் டெல்லியில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது, 2009 முதல் பெங்களூருவிலும் இருக்கிறது, சென்னையில் இல்லை. 1850-இலேயே ஓவியப் பள்ளி தொடங்கிய ஊருக்கு இந்த நிலை! எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தற்காலக் கலைக்கென ஒரு பகுதி உண்டு. எத்தனை பேர் அதுவரை நடக்கிறார்கள்? நல்ல படங்களை ஓசியில் பார்த்துப் பார்த்துக் கண் பழகினால்தான் கடையில் ஏமாற மாட்டோம். அந்தப் பழக்கத்துக்கு இடம் குறைவு என்பதால்தான் நம் ஊரில் வாங்குபவர் விற்பவரின் பேச்சை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது. பின்வரும் கடிதம் அதற்கு நல்ல உதாரணம்.

கேள்வி: ஒரு கடையில் 65,000 ரூபாய்க்குப் படம் வாங்கினேன். ‘ஒரிஜினல் அக்ரிலிக்’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த நண்பர் அது பிரின்ட் என்கிறார். பில்லில் ‘ஆர்ட் வொர்க், கேன்வாஸ்’ என்று மட்டுமே இருக்கிறது. எப்படி உறுதி செய்வது? பணம் திரும்பக் கிடைக்குமா? (கோவை வாசகி)

முதலில் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் படுக்க வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், படத்தை ஒட்டினாற்போல் பிடியுங்கள். கையால் தீட்டிய படமானால் சாயத்தின் மேடுபள்ளம் உருவத்தோடு சேர்ந்தே ஓடும். புடவை மடிப்பு வளையும் இடத்தில் தூரிகைத் தடமும் வளையும். பிரின்ட்மேல் பளபளப்பு ஜெல்லைத் தடவியிருந்தால், மேடு ஒரு பக்கம் போகும், கோடு இன்னொரு பக்கம் போகும். முகத்தின் குறுக்கே, மூக்கையும் கன்னத்தையும் சட்டை செய்யாமல் ஒரு தடவல் போயிருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்து, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ். சில நூறு ரூபாய்தான். கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் பொடிப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது மெஷினில் அச்சானது. பின்பக்கத்தையும் திருப்புங்கள்: பிரின்ட்டுக்கான கேன்வாஸின் பின்புறம் பெரும்பாலும் சுத்த வெள்ளை. ஓவியர்கள் பயன்படுத்தும் பருத்தித் துணியோ கோராத் துணி நிறத்தில் இருக்கும். ஓரத்தில் சொட்டிய சாயம், பென்சில் குறிப்பு, பழைய கண்காட்சிச் சீட்டு எல்லாம் நல்ல அறிகுறி.

பிரின்ட் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. எட்சிங், லித்தோகிராஃப், சில்க் ஸ்கிரீன் ஆகியவை ஓவியரே தகடோ கல்லோ திரையோ தயார் செய்து அச்செடுக்கும் அசல் படைப்புகள். ஆர்.எம். பழனியப்பன் போன்றவர்கள் பெயர் வாங்கியதே அச்சுக்கலையில்தான். அவற்றின் கீழே பென்சிலில் 7/30 என்பது போல எண் இருக்கும்: முப்பது பிரதிகளில் ஏழாவது என்று பொருள். கூடவே ஓவியரின் கையெழுத்தும் இருக்கும். உங்கள் புகார் ‘பிரின்ட்’ என்பதால் அல்ல. பிரின்ட்டை அக்ரிலிக் என்று சொல்லி விற்றதால்.

பணம்? வாய்ப்பு இருக்கிறது. பில் மௌனமாக இருந்தாலும் வாட்ஸ்அப் பேசுகிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனை மாற்றும் முன் முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கடைக்கு எழுத்துமூலம், ஸ்பீட் போஸ்ட்டில், இத்தனை நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். அதற்குள் படத்துக்குப் புது ஃபிரேம் போடுவது, துடைப்பது எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரு ஓவிய ஆசிரியரிடமோ படங்களைச் செப்பனிடும் நிபுணரிடமோ எழுத்தில் கருத்து வாங்கி இணைத்தால் பலம்.

ஒரு எச்சரிக்கை. மனுவில் ‘பின்னால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று வாங்கினேன்’ என்று எழுதிவிடாதீர்கள், அது உண்மையாக இல்லாத பட்சத்தில். மறுவிற்பனைக்கு வாங்குபவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே அல்ல.

அடுத்தமுறை வாங்கும்போது பில்லிலேயே ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, ‘கையால் தீட்டிய அக்ரிலிக், ஒரே பிரதி’ என்ற வாசகம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். தங்க நிற முத்திரை ஒட்டிய ‘அசல் சான்றிதழ்’ தனியாகத் தருவார்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஓவியரே கையெழுத்திட்டு, படத்தின் புகைப்படமும் ஒட்டியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: கேலரியில் பேரம் பேசலாமா? ஓவியர் வீட்டுக்கே போனால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார்களே? (திருச்சி)

பேசலாம். ஐந்து, பத்து சதவீதம் குறைப்பது சாதாரணம், தவணையும் கேட்கலாம். ஆனால் படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுப்போனது, பேச்சுக்கு இடமில்லை.

கேலரிகள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கமிஷன் எடுக்கின்றன. கேட்கக் கசப்பாக இருந்தாலும் வாடகை, விளக்கு, விளம்பரம், ஆளைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். கேலரியோடு ஒப்பந்தம் உள்ள ஓவியர் வீட்டிலும் அதே விலைதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவர்களிடம் நேரே வாங்குவதில் தப்பே இல்லை. கையில் பத்தாயிரம்தான் என்றால் சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். பெயருக்குக் கொடுக்கும் காசு அங்கே மிச்சம்.

ஓவியங்களுக்கு ஜிஎஸ்டி முன்பு 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஓவியர் வரி கேட்க முடியாது, ஆனால் ரசீது தரலாம், தர வேண்டும்.

கேள்வி: ஹுசைன் ஓவியம் நூறு கோடிக்கு மேல் போனதாகப் படித்ததிலிருந்து என் கணவர் ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து ஓவியம் வாங்கலாம் என்கிறார். (மதுரை)

டெபாசிட்டை உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம யாத்ரா’ 1.37 கோடி டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் அது 1954-இல் தீட்டியது. அந்த ஆண்டில் இந்தியாவில் எத்தனையோ பேர் ஓவியம் தீட்டினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் படங்கள் எந்த ஏலத்துக்கும் வரவில்லை. செய்தியில் வருவது ஜெயித்த குதிரை மட்டும். அப்புறம், ஏலத்தில் சுத்தி விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்கு 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். வாங்கிய விலைக்கே விற்றாலும் நஷ்டம் என்று அர்த்தம்.

வரியும் உண்டு. வீட்டு மேசை நாற்காலியை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஓவியமும் சிற்பமும் அந்த விலக்கில் சேராது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். வாங்கிய பில் இல்லாவிட்டால் லாபம் எவ்வளவு என்று காட்டுவதே தலைவலி. ‘பத்துப் பேர் சேர்ந்து வாங்கி, விற்றுப் பிரித்துக்கொள்ளும்’ கலை நிதி என்று யாராவது வந்தால், அது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவானதா என்று கேளுங்கள். 2008-லேயே செபி இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

பிடித்திருக்கிறது, வரவேற்பறையில் இருபது வருடம் பார்க்கலாம் என்றால் வாங்குங்கள்.

கேள்வி: கண்காட்சியில் வாங்கிய படத்தை மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தேன். ஓவியர் சண்டைக்கு வருகிறார். காசு கொடுத்து வாங்கியது என்னுடையது இல்லையா? (தஞ்சாவூர்)

படம் உங்களுடையது, பதிப்புரிமை அவருடையது. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அது அவரிடமே இருக்கும். இறந்த பிறகும் 60 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும். நீங்களே சொல்லிப் பணம் கொடுத்து வரையச் செய்த படம் என்றால் கதை வேறு: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை உங்களுக்கு. உங்கள் விஷயத்தில் மன்னிப்பும் ஒரு சிறு தொகையும் கொடுத்து முடித்துக்கொள்வதே நல்லது. பத்திரிகையில் அவர் பெயரைப் போட்டிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். படத்தைப் பின்னால் பத்தாயிரத்துக்கு மேல் விற்றால், விலையில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 சதவீதம், கேட்க ஓவியருக்கு உரிமை இருக்கிறது. என்னுடையதுதானே என்று சிதைக்கவும் முடியாது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது, பாகங்கள் சேதமாயின. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்ச ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. சொந்தக்காரர் மத்திய அரசாக இருந்தும்!

கேள்வி: பாட்டி வீட்டில் ரவிவர்மா படம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி எடுத்துப் போக ஆசைப்படுகிறான். (காரைக்குடி)

பெரும்பாலும் அது ரவிவர்மா அச்சகத்தின் ஓலியோகிராஃபாகத்தான், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் வண்ண அச்சுப் படமாகத்தான், இருக்கும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது. 1906-இல் அவர் இறந்த பிறகும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கீழ் விளிம்பில் அச்சக வரி இருக்கிறதா பாருங்கள். ஃபிரேம் அதை மறைத்திருக்கலாம். கழற்றுவதை ஃபிரேம் கடைக்காரரிடம் விடாமல் பழைய காகிதம் கையாளத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒருவேளை அசல் எண்ணெய் ஓவியமாக இருந்தால் நாட்டை விட்டுப் போகவே முடியாது. ரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் தேசியக் கலைச் செல்வங்கள். நூறு ஆண்டு தாண்டிய வேறு கலைப்பொருளுக்கும் ஏற்றுமதித் தடை உண்டு. ஆகவே ஓலியோகிராஃப் என்றாலும் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிய பிறகே தம்பி பெட்டி கட்டட்டும். விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.