ரயில்வே மின்செலவு ப்ராஜெக்ட்: வேலைக்கு உதவுமா?

மூன்றாமாண்டு ட்ரிபிள்-இ படிக்கும் மகள், ரயில்வே மண்டலங்களின் எரிசக்திச் செலவு ஆண்டுவாரியாக எப்படி மாறியது என்பதை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள், இது வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கட்டாயம் உதவும். ஆனால் மொத்த யூனிட்டை மட்டும் வரைபடமாகப் போட்டுக்கொண்டு போனால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள்.

தெற்கு ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஏப்ரலில் தென்மேற்கு ரயில்வே உருவானபோது பெங்களூரு, மைசூரு கோட்டங்கள் அங்கே போய்விட்டன. அதையொட்டி தெற்கின் செலவு குறைந்தால் அது சிக்கனம் அல்ல, எல்லை மாற்றம். 2003-04இலிருந்து தொடங்குவதே நல்லது. 2020-21ஐத் தனியாகக் குறிக்கட்டும். ஊரடங்கில் பயணிகள் ரயில் பெரும்பாலும் ஓடவில்லை.

மண்டலங்களை ஒப்பிட, ஆயிரம் மொத்த டன் கிலோமீட்டருக்கு (ரயிலின் மொத்த எடையை ஓடிய தூரத்தால் பெருக்கிய கணக்கு) எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல் என்று பார்க்க வேண்டும். பயணிகள் ரயில் வேறு, சரக்கு வேறு. மும்பை-புனே இடையே ‘போர் காட்’ (Bhor Ghat) மலைப்பாதையில் 37க்கு 1 ஏற்றம், அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். கங்கைச் சமவெளியோடு அதை அப்படியே ஒப்பிட்டால் நியாயமில்லை.

பெரும்பாலோர் சறுக்குவது டீசல் கணக்கில்தான். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இழுவைக்குப் போகிறது. மின்சாரத்திலோ அந்த இழப்பு அனல்மின் நிலையத்திலேயே முடிந்துவிடும், ரயில்வே துணைமின் நிலைய மீட்டரில் ஏறாது. அதனால் வடமேற்கு ரயில்வே போல நெடுங்காலம் டீசலில் ஓடி அண்மையில் மின்மயமான மண்டலத்தில், லிட்டரையும் யூனிட்டையும் ஒரே அலகாக்கிக் கூட்டினால், செலவு சரிந்ததுபோல் தோன்றும். மீட்டர் வரை ஒரு கணக்கு, மின்நிலைய எரிபொருள் வரை இன்னொரு கணக்கு என்று இரண்டையும் போடச் சொல்லுங்கள். ப்ராஜெக்டின் உயிரே இதில்தான் இருக்கிறது.

நிஜமான சேமிப்பையும் அவள் விளக்க வேண்டும். டபிள்யூஏபி-7 என்ற மின்சார இன்ஜின் பிரேக் போடும்போது மின்சாரம் மேல்கம்பிக்குத் திரும்புகிறது. பெட்டிகளின் விளக்கு, ஏசிக்கு இன்ஜினிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் ஜெனரேட்டர் பெட்டியின் டீசல் மிச்சம்; ஆனால் மின் யூனிட் கூடும்.

வேலைக்கு இரண்டு வழி. ஆர்ஆர்பி (ரயில்வே தேர்வு வாரியம்) நடத்தும் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வில் இரண்டாம் கட்டத்தின் 150 கேள்விகளில் 100 அவள் பாடத்திலிருந்துதான் வரும். அறிவிப்பு வரும் வரை காத்திராமல் இப்போதே படிக்கலாம். இன்னொன்று எரிசக்தித் தணிக்கையாளர், அதாவது நிறுவனங்களின் எரிசக்திச் செலவை அளந்து ஆராய்பவர். அந்தத் தேர்வுக்கு பி.இ. முடித்து 3 ஆண்டு அனுபவம் வேண்டும், தாள்கள் நான்கு. அதுவரை எரிசக்தித் தணிக்கை நிறுவனமொன்றில் சேர்ந்து மீட்டர் அளவெடுக்கப் பழகட்டும். அங்கே சேரும்போது முதலில் காட்ட வேண்டியது அந்த இரட்டைக் கணக்கு எக்செல் தாளைத்தான்.